முன்பணம் போனது, கிட்டார் வரவில்லை
நுகர்வோர் சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கச்சேரிகளும் திருமண நிகழ்ச்சிகளும்தான் என் வருமானம். 2024 ஜனவரியில், வேறு மாநிலத்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம், என் கைக்கு ஏற்ற அளவில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் செய்து தரச் சொன்னேன். விலை 1,50,000 ரூபாய் என்று பேசி, 90,000 ரூபாயை யு.பி.ஐ. மூலம் முன்பணமாக அனுப்பினேன். முதுகுப் பலகைக்காக எங்கள் பூர்வீக வீட்டிலிருந்த பழைய ஈட்டிமரப் பலகைகளையும் லாரி பார்சலில் அனுப்பினேன். அந்த ஆண்டு செப்டம்பரில் முடித்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதினார். பிறகு மழை, மரம் காயவில்லை, பிக்கப் (கிட்டாரின் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) வரவில்லை, உடம்பு சரியில்லை என்று காரணங்களாக வந்தன. நானும் ஓரிரு முறை ‘பரவாயில்லை அண்ணா, நிதானமாகச் செய்யுங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறேன். இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டால், முன்பணம் திரும்பத் தரப்படாது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். நீங்கள் தொழில் செய்பவர், நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறார். நான் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: செப்டம்பரில் தருகிறேன் என்று அவர் எழுதிய வரியை முதலில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கு நிற்கப்போவது அதன் மேல்தான். அதைப் பலவீனப்படுத்துவது ‘நிதானமாகச் செய்யுங்கள்’ என்று நீங்கள் அனுப்பிய பதில். காலம் முக்கியம் என்று இரு தரப்பும் கருதிய ஒப்பந்தத்தில், குறித்த காலத்தில் செய்து தராவிட்டால் அதை ரத்து செய்யும் உரிமையை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55ஆம் பிரிவில் தருகிறது. ஆனால் காலம் கடந்த பிறகும் நீங்கள் இசைந்து காத்திருந்தால், அந்தத் தேதியை நீங்களே தளர்த்திவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட வழி பிறக்கிறது. இதைச் சரிசெய்ய முடியும். இன்ன தேதிக்குள் கிட்டாரை ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தம் முடிந்ததாகக் கருதி முழுப் பணத்தையும் பலகைகளையும் திருப்பித் தர வேண்டும் என்று, 30 நாள் போன்ற ஒரு நியாயமான அவகாசத்துடன், எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். வழக்கறிஞர் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. விரைவுத் தபாலில் அனுப்பி, அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். அதற்குப் பிறகு அவரிடம் தொலைபேசியில் பேச வேண்டாம். அவர் பேசினால், பேசியதை உடனே ஒரு செய்தியாக எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தனி ஆளாகச் செய்பவருக்கு ஒரு அக்கூஸ்டிக் கிட்டாருக்கு நூறு மணி நேரத்துக்கு மேலும் வேலை பிடிக்கலாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் மேற்பலகையை ஒட்டினால், வறண்ட ஊருக்குப் போனதும் அது சுருங்கி வெடிக்கக்கூடும் என்பதால், கவனமான தொழிலாளர்கள் மழைக்காலத்தில் வேலையை நிறுத்தி வைப்பது உண்டு. லாக்கர் என்ற பளபளப்பு வார்னிஷ் பூச்சு இறுகவும் சில வாரங்கள் ஆகும். ஆனால் இவையெல்லாம் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அடங்கும் தாமதங்கள். ஆண்டுக் கணக்கில் நீளுபவை அல்ல. வேலை உண்மையில் நடக்கிறதா என்று அறிய, உங்கள் பலகைகள் அடையாளம் தெரியும்படி, தேதியுடன் படம் அனுப்பச் சொல்லுங்கள். பட்டறையை நேரில் பார்க்க ஒரு நாளும் கேளுங்கள். பாதி முடிந்த கிட்டார் வைத்திருப்பவர் படம் எடுத்து அனுப்பத் தயங்க மாட்டார். என் அனுபவத்தில் இத்தகைய தகராறுகள் பெரும்பாலும் திருட்டு எண்ணத்தில் தொடங்குவதில்லை. ஒருவர் கொடுத்த முன்பணத்தில் அவருக்கு முன்னால் காத்திருப்பவரின் கிட்டாரை முடித்து அனுப்பும் பழக்கத்தில் தொடங்குகின்றன. புதிய ஆர்டர்கள் குறையும் மாதத்தில் அந்தச் சங்கிலி அறுந்து, கடைசியாகப் பணம் கட்டியவர் மாட்டிக்கொள்கிறார்.

பாதி செய்த கிட்டார் சட்டப்படி யாருடையது என்பதிலும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 60 சதவீதப் பணம் கொடுத்துவிட்டதால் 60 சதவீதக் கிட்டார் உங்களுடையது ஆகிவிடாது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, இனிமேல் செய்யப்படவிருக்கும் பொருளின் உரிமை, அது ஒப்படைக்கத்தக்க நிலையை அடைந்து, இது இன்னாருக்கு உரியது என்று இரு தரப்பின் இசைவுடன் ஒதுக்கப்படும்போதுதான் கைமாறுகிறது. அதுவரை அது பட்டறைக்காரரின் சொத்து. அவர் நொடித்துப் போனால் நீங்கள் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியவர். ஈட்டிப் பலகைகளின் நிலை வேறு. அவை எந்நாளும் உங்களுடையவை. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக நம்பி ஒப்படைக்கப்பட்டவை. அவற்றை அவர் வேறொருவரின் கிட்டாருக்குப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றிருந்தாலோ, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு கூறும் நம்பிக்கை மோசடி என்ற கேள்வி எழுகிறது. லாரி பார்சல் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். அது இந்த வழக்கில் யு.பி.ஐ. பதிவுக்குச் சமமான சான்று.

நுகர்வோர் என்ற தகுதியைப் பற்றி அவர் சொல்வது தவறு. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக, தாமே பயன்படுத்தும் பொருளை வாங்குபவர் நுகர்வோர்தான் என்று அதே 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. தம் கையால் வாசித்துச் சம்பாதிக்கும் இசைக்கலைஞர் அந்த விளக்கத்துக்குள் வருகிறார். குழுவின் பெயரில் பத்துக் கிட்டார் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. பட்டறை வேறு மாநிலத்தில் இருப்பதும் தடையல்ல. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்று 34ஆம் பிரிவு அனுமதிப்பதால், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே நீங்கள் வழக்கைத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் புகாரைப் பதிவு செய்யலாம், நீங்களே வாதாடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்து வையுங்கள். தனி ஆள் பட்டறை விஷயத்தில் அது பெரிய அழுத்தம் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றாலும், நீங்கள் சமரசத்துக்கு முயன்றதற்கு அது ஒரு பதிவாக இருக்கும்.

இனிக் கெடுவைப் பற்றி. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. அவர் தவறிய தேதி 2024 செப்டம்பர் என்று ஆணையம் எடுத்துக்கொண்டால், உங்கள் காலம் 2026 செப்டம்பரோடு முடிகிறது. வீட்டை ஒப்படைக்காத வழக்குகளில், ஒப்படைக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொடர்கின்ற தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதும், தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் தானே எளிதாகக் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கெடுவைத் தவறவிட்டு, பிறகு அதைப் பற்றி வாதாடுவது வீண் வேலை. நான் மேலே சொன்ன அறிவிப்பில் புதிய தேதி கொடுத்திருப்பதை நம்பியும் தள்ளிப்போடாதீர்கள். பழைய தேதியையே கணக்கில் கொண்டு புகார் செய்யுங்கள்.

என்ன கேட்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. கிட்டாரையே செய்து தர உத்தரவிடுங்கள் என்று கேட்காதீர்கள். ஒருவரின் தனிப்பட்ட திறமையைச் சார்ந்த வேலையைச் செய்யும்படி உரிமையியல் நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்தாது; மனமில்லாமல் செய்த கிட்டாரை வைத்து நீங்களும் என்ன செய்வீர்கள்? 90,000 ரூபாயும் அதற்கு வட்டியும், பலகைகள் அல்லது அவற்றின் மதிப்பும், மன உளைச்சலுக்கான இழப்பீடும், வழக்குச் செலவும் கேளுங்கள். ரசீதில் உள்ள வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் திரும்பாது என்பது ஒரு வகை நிபந்தனை. செய்பவரே தவறிவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ள அது உதவாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரும் புகார், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே அந்தச் சொற்களைத் தவிர்த்து, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையிலேயே புகாரை எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதியோடு, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணைத்துவிட்டால் பின்னால் சிக்கல் இருக்காது. எதிர்த்தரப்புக்குப் பதில் தாக்கல் செய்ய 30 நாளும், மிஞ்சினால் இன்னும் 15 நாளும்தான் அவகாசம். வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள்.

பலகைகளைத் தவிர்த்து, பணத்துக்காக மட்டும் காவல் நிலையம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடிக் குற்றம். வாக்குத் தவறியது மட்டும் குற்றமாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

கேள்வி: இங்கிலாந்தில் ஒருவரே நடத்தும் பட்டறையில் 3,200 பவுண்டுக்கு ஒரு கிட்டார் சொன்னேன். 500 பவுண்டைக் கடன் அட்டையிலும், மீதியில் 1,500 பவுண்டை வங்கி வழியாகவும் கட்டினேன். தொழிலை மூடிவிட்டேன், கையில் பணமில்லை என்கிறார். அட்டையில் கட்டிய தொகையாவது கிடைக்குமா?
– ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: நீங்கள் கட்டிய முழு 2,000 பவுண்டும் கிடைக்க வழி இருக்கிறது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் உள்ள ஒரு பொருளுக்கு ஒரு பகுதியையாவது கடன் அட்டையில் கட்டியிருந்தால், விற்றவரின் ஒப்பந்த மீறலுக்கு அட்டை வழங்கிய வங்கியும் சேர்ந்தே பொறுப்பு. அந்தப் பொறுப்பு அட்டையில் கட்டிய பகுதியோடு நிற்பதில்லை. வங்கிக்கு 75ஆம் பிரிவின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். பொதுவாக ‘பணம் வரவில்லை’ என்று எழுதினால், அட்டை நிறுவனத்தின் திருப்பிப் பெறும் முறைக்கு அதைத் திருப்பிவிட்டு, அதன் காலக் கெடு முடிந்துவிட்டது என்று பதில் அனுப்புவார்கள். இடையில் பேபால் போன்ற வேறொரு நிறுவனம் வழியாகப் பணம் போயிருந்தால் இந்த உரிமை அறுந்துவிடக்கூடும் என்பதையும் பாருங்கள். அவர் கம்பெனியாகப் பதிவு செய்யாமல் தம் பெயரிலேயே தொழில் செய்தவராக இருந்தால், கடையை மூடியதால் அவரது கடன் ஒழிந்துவிடாது; 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளுக்கான நடைமுறையில் அவர் மீது நேரடியாகவே வழக்குத் தொடுக்கலாம்.

இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பட்டறைக்குப் பணம் கட்டும் வாசகர்களுக்கு 75ஆம் பிரிவு போன்ற சட்டப் பாதுகாப்பு இல்லை. அட்டை நிறுவனத்தின் விதிகள்தான் துணை. விசா விதிகளில், பொருள் வரவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 120 நாளும், பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளும் எல்லை. பேபாலில் பணம் செலுத்திய 180 நாளுக்குள் தகராறைப் பதிவு செய்ய வேண்டும். நண்பர்களுக்கு அனுப்புவதாகக் குறித்து அனுப்பிய பணத்துக்கு அதுவும் கிடையாது. ஒன்றரை ஆண்டு காத்திருக்கச் சொல்லும் பட்டறைக்குத் தொடக்கத்திலேயே பாதிப் பணத்தைக் கட்டினால், கிட்டார் வரவேண்டிய நாளுக்கு முன்பே இந்தக் கெடுக்களில் சில முடிந்துபோயிருக்கும்.

கேள்வி: நான் கிட்டார் செய்பவன். பாதி வேலை முடிந்த நிலையில் ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறார். அவர் கொடுத்த 60,000 ரூபாயை முழுவதும் வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பு எவ்வளவோ, அதுவரை வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும், இழப்பே இல்லாத இடத்தில் அதைப் பறிமுதல் செய்ய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இடம் தராது என்று 2015ஆம் ஆண்டில் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அவர் பெயரைப் பொறித்த, இடக்கைக்காரருக்கான, வேறு யாரும் வாங்க முடியாத கிட்டார் என்றால் உங்கள் இழப்பு பெரிது. வழக்கமான அளவில் உள்ளதென்றால், முடித்து இன்னொருவருக்கு விற்று, விலையில் குறைந்ததையும் கூடுதல் செலவையும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தாருங்கள். மரத்துக்கும் கருவிக்கும் ஆன பில்களையும், எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்ற குறிப்பையும் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இழப்பை நிரூபிப்பது கடினம்.

அடுத்த ஆர்டரிலிருந்து பணத்தைக் கட்டங்களாகப் பிரித்து வாங்குங்கள்: மரம் வாங்கியதும் ஒரு பகுதி, உடலும் கழுத்தும் சேர்ந்ததும் படத்துடன் ஒரு பகுதி, அனுப்பும் முன் மீதி. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பணமும் அவருடைய கிட்டாருக்கே செலவாக வேண்டும். மதுரை வாசகருக்கு நான் சொன்ன சங்கிலியில் நீங்கள் மாட்டாதிருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பணம் வாங்கி ஏமாற்றிய பட்டறைக்காரரின் பெயரையும் படத்தையும் முகநூலில் போடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நடந்ததை நடந்தபடி, தேதியும் தொகையும் குறிப்பிட்டு எழுதலாம், பொது நலனுக்காகச் சொல்லப்படும் உண்மை அவதூறாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ‘திருடன்’, ‘மோசடிப் பேர்வழி’ என்ற சொற்கள் அந்த விலக்குக்குள் எளிதில் அடங்காது. குடும்பத்தினரின் படம், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதையும் போடாதீர்கள். ஆணையத்தில் புகார் செய்வதாக இருந்தால், முதலில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, முகநூலில் அதன் பிறகு எழுதுங்கள். பணம் தராவிட்டால் பெயரைக் கெடுத்துவிடுவேன் என்று மிரட்டினீர்கள் என அவர் பதில் மனுவில் சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.