‘வெளியேறு’ என்று சொன்னால் போதாதா?

கேள்வி: ஆப்பிரிக்க நாடான நைஜர், 2024இல் அமெரிக்கப் படையை வெளியேறச் சொன்னது. அதன் பிறகும் பேச்சுவார்த்தை, கூட்டறிக்கை என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். சொந்த மண்ணிலிருந்து அன்னியப் படையை அனுப்ப இத்தனை பேச்சு எதற்கு? இது கோழைத்தனம் இல்லையா?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இல்லவே இல்லை. கானாடுகாத்தானில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம். உங்கள் ஊரில் பங்காளிகள் வீடு பிரிப்பதைப் பார்த்ததில்லையா? வளவில் பாய் விரித்து உட்கார்ந்து, விலாசம் வெட்டிய பித்தளை அண்டா முதல் எவர்சில்வர் கரண்டி வரை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கை மாறும். கோபத்தில் சாவியைப் பிடுங்கியவர்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்ததையும் பார்த்திருப்பீர்கள். ராணுவத் தளம் மட்டும் ஒற்றைச் சொல்லில் தீர்ந்துவிடுமா?

அப்படித் தீருமென்றால் கியூபாவின் குவாண்டநாமோவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளம் எப்போதோ காலியாகியிருக்கும். 1934 ஒப்பந்தத்தின்படி, இரு நாடுகளும் சம்மதித்தால் அல்லது அமெரிக்காவே கைவிட்டால்தான் அந்தக் குத்தகை முடியும். முடிவுத் தேதி கிடையாது. வருடக் குத்தகை 4,085 டாலர். 1959 புரட்சிக்குப் பிறகு அதற்காக அமெரிக்கா அனுப்பிய காசோலைகளில், அந்த ஆண்டு வந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் கியூபா மாற்றவில்லை. இத்தனை வைராக்கியம் காட்டியும் தளம் இன்னும் அமெரிக்காவிடம்தான் இருக்கிறது. தேதி எழுதாத பத்திரம் ஒரு தேசத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நைஜர் தேதியை எழுதி வாங்கியது. அமெரிக்கப் படை தங்க இடம் தந்த ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக அறிவித்தது மார்ச் 16. அங்கே இருந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். அகடெஸ் பாலைவனத்தில் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய ட்ரோன் தளம் வேறு. மே 19 கூட்டறிக்கையில் செப்டம்பர் 15 கடைசி நாள் என்று குறித்தார்கள். கிளம்பும் வீரர்களின் பாதுகாப்பு, அவர்களை ஏற்றிச் செல்லும் விமானங்களுக்கான அனுமதி எல்லாம் பேசி முடித்தார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதியே அகடெஸ் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கியைக் காட்டி ஆட்சிக்கு வந்த நைஜர் ராணுவத்தினரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இந்தக் காரியத்தில் அவர்கள் உட்கார்ந்து பேசியது சரி.

செட்டிநாட்டார் கடை வைத்துத் தொழில் செய்த இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் 1947 பாதுகாப்பு உடன்படிக்கையின் பேரில் திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் இருந்தன. 1956இல் பிரதமரான பண்டாரநாயக்க, தனிச் சிங்களச் சட்டத்தால் தமிழர்களுக்கு இழைத்த அநீதியை என்னால் மன்னிக்க முடியாது. தளங்கள் விஷயத்தில் அவர் செய்ததை மறைக்கவும் மாட்டேன். பதவியேற்ற சில மாதங்களிலேயே லண்டன் போய்ப் பேசினார். பிரிட்டனோடு மோதக் கப்பலோ விமானமோ இல்லாத சின்ன நாடு அது. மறு ஆண்டு அக்டோபர் 15 அன்று திருகோணமலையும், நவம்பர் 1 அன்று கட்டுநாயக்கவும் அதன் கைக்கு வந்துவிட்டன.