எலியைவிடச் சின்ன யானை

மியூனிக் வந்து நாலு மாதம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேஜையில் போன வாரம் பூராவும் ஒரே பேச்சாம். சின்ன வயதில் பார்த்த டிவி நிகழ்ச்சிகளில் எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று வரிசை போட்டு, சிரிப்பும் சண்டையுமாக. இவர் தயிர்சாத டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "அண்ணா, எதையெல்லாம் பார்த்து வைத்தால் நானும் வாயைத் திறக்கலாம்? பெண்ணுக்கு ஐந்து வயது, அவளுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்? அப்புறம், வீடு எப்படித் தேடுவது, வரி வகுப்பு மூன்றா நான்கா, நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே செல்லுமா?"

கடைசியிலிருந்து வருகிறேன். லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும், உங்களுக்கு இரண்டு மாதம் மிச்சம். வரி வகுப்பு உங்கள் மனைவியின் சம்பளத்தைப் பொறுத்தது, ஆலோசகரைக் கேளுங்கள். மியூனிக்கில் வீடு தேடிக் கிடைப்பதில்லை, யாரோ காலி செய்கிற நேரத்தில் நாம் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான். டிவி கேள்விக்குப் போவோம். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன், புதிதாக வந்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. எல்லாரும் அரிசி எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தெரியாததற்குத் தெரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள். நான் ஆட்டினேன், மாட்டினேன்.

2001 ஜனவரியில் வந்தவன் நான். அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் ஜெர்மனி கணினிக்காரர்களுக்கென்று 'கிரீன் கார்டு' திட்டம் தொடங்கியிருந்தது, 20,000 பேர்வரை எடுப்பதாக. அந்த வருடம் ஒரு மாநிலத் தேர்தலில் 'கிண்டர் ஷ்டாட் இண்டர்' என்று எதுகையோடு ஒரு கோஷம் கிளம்பியது. இந்தியர்களுக்குப் பதில் பிள்ளைகள், அதாவது வெளியிலிருந்து ஆள் எடுக்காதே, நம் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடு என்று பொருள். நல்லவேளை, வரும்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் புரிந்திருக்காது. 'யா' என்ற ஒரு சொல்தான் கைவசம்.

வந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுக்கத் தூங்கிவிட்டேன். அப்போதெல்லாம் சனிக்கிழமை நாலு மணிக்கே கடையைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஞாயிறு காலை பனியில் ஒரு மணி நேரம் நடந்து, பூட்டிய கதவுகளாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பெட்டியில் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி இருந்தது, சோறில்லை. விமானத்தில் கொடுத்த ரொட்டியில் பருப்புப்பொடியைத் தூவித் தின்றபடி அறையில் இருந்த டிவியைப் போட்டேன். ஆரஞ்சு நிறத்தில் ஓர் எலி வந்து கண்ணைச் சிமிட்டியது.

'ஸெண்டுங் மிட் டெர் மௌஸ்' என்பார்கள், எலியோடு ஒரு நிகழ்ச்சி. 1971 மார்ச்சில் தொடங்கி இன்னமும் ஞாயிறு காலையில் ஓடுகிறது. ஒரு சின்னச் சித்திரக்கதை, அடுத்து ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று காட்டும் படம், மறுபடி ஒரு சித்திரக்கதை. பற்பசைக்குள் கோடு எப்படி வருகிறது என்பதை நான் நாற்பது வயதுப் பொறியாளர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், கண் விரிய விளக்குவார்கள். எல்லாம் எலியிடம் கற்றது. எலிக்கு ஒரு தோழன் உண்டு, நீல யானை, 1975-இல் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால் யானை எலியைவிடச் சின்னது. பிள்ளையார் பார்த்தால் என்ன நினைப்பாரோ.

அன்றைக்கு என்னைக் குழப்பியது தொடக்கம்தான். இன்று என்னென்ன வரும் என்று ஒரு குரல் ஜெர்மனில் சொல்லும். உடனே அதையே வேறொரு மொழியில் சொல்லும். பிறகு "இது துருக்கி மொழி" என்றோ "இது போலிஷ்" என்றோ முடிக்கும். நான் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தொழிற்சாலைகளுக்காக வரவழைக்கப்பட்ட துருக்கியர், இத்தாலியர், யூகோஸ்லாவியர் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுபதுகளில் ஆரம்பித்த வழக்கம் அது என்று பிற்பாடு தெரிந்தது. என் பெண் சின்னவளாக இருந்தபோது ஞாயிறுதோறும் "இன்னிக்குத் தமிழ் வருமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவாள்.

ஆக, எலிதான் முதலிடம். இதில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

தலையாட்டிய கதைக்கு வருகிறேன். வந்த முதல் வருடம், இதே மாதிரி மேஜை, இதே மாதிரி பட்டியல். எல்லாரும் 'ஸாண்ட்மென்ஷென்' என்றார்கள். சாயந்திரம் ஏழுக்குச் சற்று முன்னால் வந்து, ஒரு குட்டிக்கதை காட்டி, பிள்ளைகள் கண்ணில் தூக்க மணலைத் தூவிவிட்டுப் போகிற பொம்மை மனிதர். நானும் "ஆமாம், எனக்கும் பிடிக்கும்" என்றேன். "எந்த ஸாண்ட்மென்ஷென்?" என்று கேட்டார் ஒருவர். இரண்டு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தூர்தர்ஷன் மாதிரி இரண்டு சேனல் என்றால்கூடப் பரவாயில்லை. இது இரண்டு நாடு. 1959 நவம்பரில் கிழக்கு ஜெர்மனி தன் பொம்மையை இறக்கியது, சில நாளிலேயே, டிசம்பர் 1 அன்று, மேற்கு தன் பொம்மையை இறக்கியது. முப்பது வருடம் இரண்டு தேசத்துப் பிள்ளைகளும் வேறு வேறு ஆள் கையால் தூங்கியிருக்கிறார்கள். நான் குத்துமதிப்பாக "கூர்தாடி வைத்தவர்" என்றேன். மேஜை ஒரு நொடி அமைதியானது. அது கிழக்கத்திய பொம்மை. கிழக்கு நகரமான டிரெஸ்டனிலிருந்து வந்த ஒருவர் மட்டும், அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசாதவர், எழுந்து வந்து கையைக் குலுக்கினார். பிறகு "எந்த வண்டியில் வருவதைப் பார்த்தீர்கள்?" என்று ஆசையாகக் கேட்டார். அந்த பொம்மை ஒவ்வொரு தடவையும் ஒரு வாகனத்தில் வரும், பலூன், ராக்கெட், ஹெலிகாப்டர் என்று. நான் "சைக்கிள்" என்று சொல்லிவிட்டு முழித்த முழியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு காபி மெஷின் பக்கம் நிறுத்தி எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். 1978-இல் விண்வெளிக்குப் போன முதல் ஜெர்மானியர் ஸீக்மண்ட் யேன் கிழக்கத்தியர், அவர் கூடவே அந்த பொம்மையும் போயிற்று. இரு ஜெர்மனிகளும் ஒன்றானபோது கிழக்கில் இருந்த அநேகமும் போயிற்று, தொழிற்சாலை, பணம், கடை. போகாமல் நின்ற சிலவற்றில் அந்தப் பொம்மையும் ஒன்று, நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததுமே ஜனங்கள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். இன்றைக்கு நாடு முழுக்கப் பார்ப்பது கிழக்குத் தாடிக்காரரைத்தான். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. நான் ஊரில் விட்டுவந்தது எதையும் அவரிடம் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து சிநேகிதம்.

எனவே தம்பி, தெரியாது என்று சொல்லுங்கள். "சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். இவர்களுக்குப் பேச ஆரம்பிக்கத்தான் தயக்கம், ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

இரண்டாமிடம், நீங்கள் மியூனிக்கில் இருப்பதால், பூமுக்கிளுக்குக் கொடுத்துவிடுங்கள். வேறு எங்காவது வைத்தால் வம்பு. எல்லிஸ் கௌட் எழுதி 1962-இல் வானொலியில் வந்தது, 1982-இல் டிவிக்கு வந்தது. செந்தலைக் குட்டிச்சாத்தான் ஒன்று, தச்சர் ஒருவரின் பட்டறையில் பசைப்பானையில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்து ஆளுக்கு அது கண்ணில் தெரியும், அப்புறம் அவரோடேயே இருந்தாக வேண்டும், சாத்தான் குலத்துச் சட்டம் அது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்துவிட்டு வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பூமுக்கிள் அடிக்கடி எதுகை வைத்துப் பேசும், எதுகை அமைந்துவிட்டால் அது சொன்னது சரியாகிவிடும். நம் பட்டிமன்றத்துக்கு வந்தால் பரிசு நிச்சயம். தச்சர் பேசுவது பவேரிய ஜெர்மன். முதலில் ஒரு எழவும் புரியாது. ஆனால் இங்கே கடைத்தெருவில் நீங்கள் கேட்கப்போவது அதைத்தான், மொழி வகுப்பில் சொல்லித்தருவதை அல்ல.

மூன்றாமிடம் என்னுடைய சொந்தத் தேர்வு, யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: பெர்ன்ட் என்கிற ரொட்டி. குட்டைக் கையும் தொங்கிய முகமுமாக ஒரு வெள்ளை ரொட்டி. எதிலும் விருப்பமில்லை, எப்போதும் சலிப்பு, வீட்டுக்குப் போய்ச் சுவரை வெறித்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே ஆசை. பிள்ளைகளுக்கான சேனல் கீகா இரவு ஒன்பது மணிக்கு நிகழ்ச்சிகளை முடித்துக்கொள்ளும். 2003-இலிருந்து விடிய விடிய பெர்ன்டையே சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். எனக்கு இரவு ஷிஃப்ட், சர்வர் விழுந்தால் எழுப்புவார்கள். மூன்று மணிக்கு நானும் அந்த ரொட்டியும்தான் விழித்திருப்போம். மனச்சோர்வு பிடித்த ரொட்டியைப் பிள்ளைகளுக்கு நாயகனாக்க இந்த நாட்டால்தான் முடியும். எர்ஃபுர்ட் நகரில் சிலைகூட வைத்தார்கள், 2009-இல் அதைத் திருடியும் போனார்கள்.

'லோவென்ட்ஸான்' என்ற நிகழ்ச்சியை நடத்திய பீட்டர் லூஸ்டிக்கை விட்டால் பாவம். வட்டக் கண்ணாடி, நீல டங்காரி, குடியிருப்பு ஒரு பழைய கூண்டு வண்டி. ஒவ்வொரு வாரமும் முடிக்கும்போது டிவியை அணைக்கச் சொல்வார். எங்கள் அம்மா அதையேதான் சொன்னார்கள், அவர்களுக்கு யாரும் விருது தரவில்லை.

ஹைடி, மாயா தேனீ, விக்கி மூன்றையும் மேஜையில் "எங்கள் குழந்தைப் பருவம்" என்று உருகுவார்கள். மூன்றும் எழுபதுகளில் ஜப்பானில் வரைந்தவை. மாயாவைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனம்தான் தொண்ணூறுகளில் நாம் தூர்தர்ஷனில் பார்த்த மௌக்லியையும் எடுத்தது. இதைப் போட்டு உடையுங்கள், தம்பி. நான் உடைத்த அன்று மேஜையில் எனக்கு இடம் உறுதியானது. சும்மா கேட்டுக்கொண்டிருப்பவனை யாரும் அடுத்த நாள் தேட மாட்டார்கள்.

மொழி புரியாமல் என்ன பார்ப்பது என்று கேட்காதீர்கள். விக்ரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கிக்கொண்டு இந்தியில் கதை சொன்னபோது நம் தெருவில் யாருக்கு இந்தி புரிந்தது? ஒரே டிவி இருந்த வீட்டு முற்றத்தில் முப்பது பேர் உட்கார்ந்து, புரிந்த ஒரு அண்ணன் சொன்னதை நம்பி, மீதியை நாமே இட்டுக்கட்டிக்கொண்டு பார்த்தோம். அந்தப் பயிற்சி இந்த ஊர்க்காரன் எவனுக்கும் கிடையாது. எனக்கு இந்த வழியைக் காட்டியது இங்கே மளிகைக்கடை வைத்திருந்த ஓர் ஈழத்து அண்ணன். "தம்பி, சின்னப் பிள்ளையளின்ர புரோகிராமைப் பாரும், பாஷை தானா வரும்" என்றார். எண்பதுகளில் கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர், எங்களைப் போல் விசாவும் விமான டிக்கெட்டும் யாரோ எடுத்துக் கொடுத்து வந்தவரல்ல. அவர் ஜெர்மன் பேசினால் ரேடியோ மாதிரி இருக்கும். இப்போது வருகிற நம்மாட்கள் பத்து வருடம் இருந்தும் ஆபீஸ் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டு, "இவர்கள் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள்" என்று சலித்துக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உங்களுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது 'லோகோ', பிள்ளைகளுக்கான செய்தி, கீகாவில் இரவு 7.50-க்கு. பத்து நிமிடம்தான், பெரியவர்கள் செய்தியைவிடத் தெளிவு. பெண்ணுக்கு செக் நாட்டு அகழெலி ஒன்று இருக்கிறது, 'மௌல்வுர்ஃப்', பெரும்பாலும் பேசாது, சிரிக்கும், அவ்வளவுதான். முதல் நாளே புரியும். அக்டோபர் 3 விடுமுறை அன்று எலியின் பெயரால் தொழிற்சாலைகளும் தீயணைப்பு நிலையங்களும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள், முன்பதிவு சீக்கிரம் தீரும். தயவுசெய்து போனில் ஆங்கிலப் பாட்டுகளைப் போட்டுப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். "எங்கள் வீட்டில் டிவியே கிடையாது" என்று பெருமை பேசுகிற கூட்டத்திலும் சேராதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் வந்து சேரும், கடிதத்தைக் குப்பையில் போட்டால் அபராதத்தோடு வரும். கொடுக்கிற காசுக்குப் பாருங்களேன்.

டிரெஸ்டன்காரர் மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். போகும்போது தாடி வைத்த பொம்மை ஒன்றை எனக்குக் கொடுத்தார். என் மனைவி அதை நவராத்திரி கொலுவில் கடைசிப் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெண் சும்மா இருப்பாளா, தன் பழைய ஆரஞ்சு எலியையும் நீல யானையையும் கொண்டுவந்து மேல்படியில் பிள்ளையார் அருகே வைத்துவிட்டாள். வீடியோவில் கொலு பார்த்த அம்மா மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "ஏண்டா, யானை இம்மாத்தூண்டு, எலி இவ்வளவு பெரிசு, யாரு மேல யாரு ஏறுறது?" என்று கேட்டாள்.