மகனின் கூட்டாளி கையில் துப்பாக்கி: போலீசில் சொல்லலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். நிர்வாகம் தோட்டத்தை விற்றதும் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். மகனுக்கு 17 வயது, படிப்பை நிறுத்திவிட்டு மோட்டார் பட்டறைக்குப் போகிறான். அவன் கைப்பேசியில் கூட்டாளி ஒருவன் துப்பாக்கியோடு நிற்கும் படத்தைப் பார்த்தேன். கேட்டால் "பொம்மைம்மா" என்கிறான். போலீசில் சொன்னால் இவனையும் சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் தூக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சொல்லுங்கள் அம்மா. ஆனால் தனியாகப் போகாதீர்கள், ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

"பொம்மை" என்ற பேச்சை நம்பி விட்டுவிட முடியாது. போலித் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தாலும் தண்டனை உண்டு. நிஜத் துப்பாக்கி என்றால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி வேறு. வைத்திருப்பவனோடு சுற்றுவதும் தனிக் குற்றம். நாளை அவன் கொள்ளை போன்ற குற்றத்தில் சுட்டுவிட்டால், அதில் உங்கள் மகனும் கூட்டாளியாக அந்த இடத்தில் நின்றிருந்தால், தடுக்கப் பார்த்தேன் என்று இவன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். 2023இல் கட்டாய மரண தண்டனை போய்விட்டது. ஆனாலும் அந்தக் குற்றத்துக்கு நீதிபதி மரண தண்டனை தரலாம், தராவிட்டால் 30 முதல் 40 ஆண்டு சிறை. அதனால்தான் இப்போதே, உங்கள் மகன் கையில் ஒன்றும் இல்லாத நேரத்திலேயே சொல்லுங்கள் என்கிறேன்.

உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. சொஸ்மாவில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமலே 28 நாள் வரை வைக்கலாம், வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அதிலும் ஜாமீன் கேட்க வழி உண்டு. சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். சிறார் சட்டப்படி பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கைது, ரிமாண்ட் கட்டத்தில் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாக வருவார். அந்த எண்ணைத் தேடி இன்றே எழுதி வையுங்கள்.

என்னைக் கேட்டால், விசாரணையில்லாத் தடுப்புக்காவல் துப்பாக்கியைப் பிடிப்பதைவிடத் தாய்மாரின் வாயை அடைப்பதில்தான் அதிகம் வெற்றி கண்டிருக்கிறது. உங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டது அந்தக் குற்றச்சாட்டில்தான். அப்போதிருந்து சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. தாய்லாந்து எல்லை வழியாகத் துப்பாக்கி வருவதும் நிற்கவில்லை.

வாங்க ஆள் இருப்பதால்தானே வருகிறது? லயத்தில் இருந்தபோது ஒரு பையன் வழி தவறினால் மண்டோர், கோவில் தலைவர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று அதட்ட நாலு பேர் இருந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையோடு வீடும் போனது, அந்த நாலு பேரும் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய் மலாய்மொழிப் பாடத்தில் திணறுகிற பையன் கடைசி வரிசைக்குப் போகிறான், பிறகு பள்ளிக்கே போவதில்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, கைச்செலவுக்கு ஐம்பது வெள்ளி தருகிற முதல் ஆள் கும்பல் தலைவனான தைக்கோவாக இருந்தால் அவன் யார் பேச்சைக் கேட்பான்? 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. பெயர்களைத் தடை செய்தார்கள், அந்தக் கடைசி வரிசை அப்படியேதான் இருக்கிறது. வறுமை மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஏழைப் பையன்களில் பெரும்பாலோர் எந்தக் கும்பலிலும் இல்லை.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். அந்தப் படத்தை அழிக்காதீர்கள். தங்கச்சி, மாமா என்று வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். "இதைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்" என்று எவன் எந்தப் பையைக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாட்டிக்கொள்கிற பையன்கள் பலர் அப்படி வாங்கி வைத்தவர்கள்தான். மோட்டார் சீட்டுக்கு அடியிலோ அலமாரியிலோ ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அறையைப் பூட்டிவிட்டு வழக்கறிஞரை அழையுங்கள். புகாரை எந்த போலீஸ் பாலாயிலும் (நிலையத்திலும்) கொடுக்கலாம், உங்கள் ஊரில்தான் என்றில்லை. தெரிந்த முகங்கள் இருக்கும் என்று தயங்கினால் ஈப்போவுக்குப் போங்கள். மகனைச் சந்தேக நபராக இல்லாமல் சாட்சியாக முன்வைக்க முடியுமா என்று வழக்கறிஞர் முதலிலேயே பேசிப் பார்ப்பார். எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்புறம், பட்டறை முதலாளியையும் போய்ப் பாருங்கள். பையன் வேலையில் ஆர்வமாக இருந்தால், அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையமான கியாட்மாராவில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பயிற்சி இருக்கிறது. சான்றிதழ் கிடைக்கும், பழைய கூட்டாளிகளை விட்டுத் தள்ளியிருக்க ஒரு காரணமும் கிடைக்கும்.