பழைய காரோடு வந்த டேகை நம்பலாமா?

கேள்வி: மெக்சிகோவில் கெரேத்தரோ நகரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். முன்கண்ணாடியில் சுங்கக் கட்டண டேக் ஒட்டியே இருக்கிறது. காரை முடித்துக் கொடுத்த தரகர், 800 பேசோ கொடுத்தால் டேகை என் பெயருக்கு மாற்றி, உள்ளூர்வாசி சலுகையும் போட்டுத் தருகிறேன் என்கிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு மெக்சிகோ சிட்டிக்கும், இன்னொரு நாள் புவெப்லாவுக்கும் போக வேண்டும். பணத்தைக் கொடுக்கலாமா? டேக் இல்லாவிட்டால் மடக்கிவிடுவார்களா?

பதில்: கொடுக்காதீர்கள். யாரும் மடக்கவும் மாட்டார்கள். நெடுஞ்சாலைச் சாவடியில் பேசோ நோட்டை நீட்டினால் தடுப்புக் கட்டை எழும்பிவிடும். கார்டு எடுக்கும் சாவடிகளும் உண்டுதான், ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

டேக், காரோடு கூடவே வருவதற்கு ஸ்டெப்னி இல்லை. அது இன்னொருவருடைய கணக்கு. பழைய உரிமையாளர் என்றைக்காவது 'தொலைந்துவிட்டது' என்று சொல்லி அதை முடக்கினால், நீங்கள் போட்ட பணமும் அவரோடு போய்விடும். சாவடியில் சிவப்பு விளக்கு எரிய, பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். கம்பெனியில் செலவுக் கணக்கு காட்டுபவராக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் ஆர்எஃப்சி வரி எண்ணில் ஃபக்தூரா, அதாவது வரிக்கான ரசீது, வேண்டுமென்றால் டேக் கணக்கு உங்கள் பெயரில் இருப்பதுதான் நல்லது.

உள்ளூர்வாசி சலுகை சில சாவடிகளில் நிஜமாகவே உண்டு. சாவடியை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு, முகவரியும் வண்டிப் பத்திரமும் பார்த்துக் கொடுப்பது. உங்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்? யாருடைய முகவரியையோ காட்டித்தான். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், தரகர் அல்ல. கொயோத்தே என்று இங்கே அழைக்கப்படும் இந்தத் தரகர்கள் லைசென்ஸ், நம்பர் பிளேட் என்று எல்லா அலுவலக வாசலிலும் நிற்பவர்கள்தான். இப்போது டேகுக்கும் வந்துவிட்டார்கள். வராமல் என்ன செய்வார்கள்? பாஸே, தெலெவியா, அரசு நிறுவனமான காபூஃபேயின் யாவே என்று டேகுக்கு மூன்று பெயர். பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் எதை ஒட்டினாலும் வேலை செய்யும். அப்புறம் எதற்கு ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு செயலி? மக்களைக் குழப்பி வைத்தால் இடையில் ஒருவன் பிழைக்கத்தான் செய்வான்.

பழைய டேகை எடுத்துவிட்டு, ஓக்ஸோ போன்ற கடையில் புதியதாக ஒன்று வாங்கி, உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அந்த 800 பேசோ ஆகாது. உட்புறமாக, பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகில் ஒட்டுங்கள். ரீசார்ஜை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

டேக் இல்லாமல் சமாளிக்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் வழியிலேயே வருகிறது என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கெரேத்தரோவிலிருந்து தெபொட்ஸோட்லான் சாவடி தாண்டி மெக்சிகோ சிட்டியை நெருங்கும்போது, பெரிஃபெரிக்கோ சாலைக்கு மேலே இன்னொரு சாலை ஓடும். முதலில் வருவது பிசென்தெனாரியோ மேம்பாலச் சாலை. நகருக்குள் நுழைந்தால் அவுதோபிஸ்தா உர்பானா. இரண்டும் டேக் வண்டிகளுக்கு மட்டும். காசு வாங்க ஆள் கிடையாது, நோட்டை நீட்ட ஜன்னலும் கிடையாது. மேப் செயலி நேரம் மிச்சம் என்று சொல்லி உங்களை மேலே ஏற்றப் பார்க்கும்; கேட்காதீர்கள். முன்னால் போகும் காரைப் பார்த்தும் ஏறிவிடாதீர்கள். கீழே ஓடும் பெரிஃபெரிக்கோ இலவசம். நெரிசல்தான், ஆனால் இலவசம். டேக் கைக்கு வரும்வரை கீழேயே போங்கள். வந்த பிறகும் மேலே ஏறுவதற்கு முன் பணம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புவெப்லாவுக்கு மெக்சிகோ சிட்டிக்குள் நுழையாமல் ஆர்க்கோ நோர்த்தே என்ற புறவழிச் சுங்கச்சாலை வழியாகப் போவது நல்லது. அங்கே நுழையும்போது சீட்டு வாங்கி, வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். டேகில் நுழைந்தால் டேகிலேயே வெளியேறுங்கள்; சீட்டு வாங்கினால் அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தொலைத்துவிட்டால் முழுத் தூரத்துக்கும் கேட்பார்கள்.

டேக் இருந்தாலும் சில்லறை நோட்டுகள் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் போராட்டக்காரர்கள் சாவடியைப் பிடித்து, கட்டையைத் தூக்கிவிட்டு உண்டியல் நீட்டுவார்கள். கெரேரோ மாநிலத்தின் பாலோ பிளாங்கோ சாவடி இதற்குப் பேர் போனது. வாதாடாமல் ஏதாவது கொடுத்துவிட்டு நகருங்கள். அன்று இரவு டேக் கணக்கிலும் பணம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் தேதி, நேரம், சாவடிப் பெயரோடு டேக் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வரத் தாமதமானால் மறுபடியும் எழுதுங்கள். அதற்கும் ஒரு தரகர் கிடைப்பார், அவரிடம் போகாதீர்கள்.