வாடகையை ஒழுங்காகக் கட்டி வந்தால் சிபில் மதிப்பெண் கூடுமா?

சென்னையில் பல ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருப்பதாகவும், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை என்றும், ஆனாலும் வீட்டுக்கடன் கேட்டபோது கடன் வரலாறே இல்லை என்று வங்கியில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாடகை கணக்கில் சேராதா என்பது உங்கள் கேள்வி. இந்தியாவில் இன்றைய நடைமுறையில் சேராது.

நாம் கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறோம் என்பதைப் பதிவுசெய்து மதிப்பெண் தரும் கடன் தகவல் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கும், அவற்றுக்கென உள்ள 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றுக்கு மாதாந்திரத் தவணை விவரங்களை அனுப்புபவை வங்கிகள், வங்கிசாரா நிதி நிறுவனங்கள் போன்ற கடன் கொடுக்கும் அமைப்புகளே; வீட்டு உரிமையாளருக்கு அந்த வழி இல்லை. சிபில் அறிக்கையைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதத்துக்கு ஒரு கட்டமாக, தவணை எத்தனை நாள் தாமதமானது என்ற எண் இருக்கும். தாமதமே இல்லையென்றால் 000. வாடகைக்கு அப்படியொரு கட்டம் கிடையாது. மாதாமாதம் பெருந்தொகையைத் தவறாமல் செலுத்துபவரின் நாணயம் எங்கும் பதிவாகாமல் போவது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். கலிபோர்னியாவில் 2025 ஏப்ரல் முதல், பெரிய குடியிருப்புகளின் உரிமையாளர்கள், குடியிருப்பவர் விரும்பினால், ஒழுங்காகக் கட்டிய வாடகையைக் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்க முன்வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

கிரெடிட் கார்டில் வாடகை கட்டினால் மதிப்பெண் உயரும் என்று சிலர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். அங்கே பதிவாவது கார்டு நிலுவைதான், வாடகை அல்ல. 50,000 ரூபாய் வரம்புள்ள கார்டில் 18,000 ரூபாய் வாடகை கட்டினால், வரம்பில் 36 சதவீதம் அதிலேயே போய்விடும். பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. சேவைக் கட்டணம் வேறு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கிய பிறகு பல செயலிகள் இந்தச் சேவையையே நிறுத்திவிட்டன.

ஆனாலும் உங்கள் வாடகை வீண் போகவில்லை. முதன்முறையாகக் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை, 2025இல் மத்திய நிதித்துறை இணை அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே தெரிவித்தார். இதைச் சொல்லி, வாடகை போன வங்கிக் கணக்கு அறிக்கையையும் வாடகை ஒப்பந்தத்தையும் மேலாளரிடம் காட்டுங்கள்; மாதம் 18,000 ரூபாய் வாடகை கட்டிக்கொண்டே சேமிக்கவும் முடிந்தவரால் அதையொட்டிய தவணையைச் சமாளிக்க முடியும் என்பதற்கு அதைவிட நேரான சான்று இல்லை. "கையிலேயே கொடுத்துவிடுங்கள்" என்று உரிமையாளர் சொன்னாலும், கணக்கு வழியாக அனுப்புவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

வரலாற்றை உருவாக்க, வைப்புநிதியை ஈடாக வைத்து வங்கிகள் தரும் கிரெடிட் கார்டு போதும். நகைக்கடனும் பதிவாகும் என்றாலும், மதிப்பெண்ணுக்காக மட்டும் நகையை அடகு வைத்து வட்டி கட்ட வேண்டாம். கார்டில் மளிகை அளவுக்குச் செலவு செய்து, முழு நிலுவையையும் கெடுவுக்கு முன்பே கட்டி வாருங்கள். சில மாதங்களில் மதிப்பெண் தோன்றும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், அதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.