டெலீட் அழுத்தினால் ஏன் வெள்ளை வருகிறது?

அன்புள்ள ஐயா,

கல்யாண பேனர் வேலைக்கு கிம்ப் 2.10 என்ற படத் திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மணமக்களைச் சுற்றித் தேர்வு செய்து, பின்னால் இருப்பதை நீக்க டெலீட் அழுத்தினால் வெள்ளை வந்து நிற்கிறது. காப்பி எடுத்து பேனரில் ஒட்டினால் ‘ஃப்ளோட்டிங் செலக்‌ஷன்’ என்று ஒன்று வருகிறது. பிறகு வேறு லேயரில் (அடுக்கில்) எதுவும் செய்ய முடிவதில்லை. முடி ஓரமும் அசிங்கமாக இருக்கிறது. எங்கே தவறு?

கு.

அன்புள்ள கு.,

கேமராவிலிருந்து வரும் ஜேபெக் படத்தைத் திறந்தால் அந்த லேயருக்கு ஆல்ஃபா சேனல், அதாவது எந்த இடம் வெற்றிடம் என்று குறிக்கும் தகவல், இருக்காது. அங்கே ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏதாவது ஒரு நிறம் இருந்தே ஆகவேண்டும், வெற்றிடம் என்பதற்கு இடமில்லை. அதனால் டெலீட் அழுத்தியதும், டூல்பாக்ஸில் பேக்ரவுண்ட் நிறமாக எது இருக்கிறதோ அதை கிம்ப் நிரப்பிவிடுகிறது. சிவப்பு வைத்திருந்தால் சிவப்பு வரும். லேயர் பட்டியலைப் பாருங்கள்: பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் ஆல்ஃபா இல்லை. அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுங்கள். நீங்கள் தேர்ந்தது ஆட்களை. நீக்க வேண்டியது பின்னணியை. எனவே கண்ட்ரோல்+ஐ அழுத்தித் தேர்வைத் தலைகீழாக்கிய பிறகே டெலீட். நீக்கிய இடம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சரி, அதுதான் வெற்றிடத்தின் அடையாளம். முடித்ததும் பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஜேபெக் வெற்றிடத்தைத் தாங்காது.

ஃப்ளோட்டிங் செலக்‌ஷன் என்பது இன்னும் எந்த லேயரிலும் சேராத துண்டு. அதற்கு ஓர் இடம் சொல்லும்வரை மற்ற லேயர்கள் பூட்டியே இருக்கும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என் அழுத்தினால் தனி லேயராகும். கண்ட்ரோல்+எச் அழுத்தினால் கீழுள்ள லேயரோடு கலந்துவிடும், பிறகு நகர்த்த முடியாது. பேனர் வேலைக்கு எப்போதும் முதலாவதுதான். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஒட்டியதுமே தனி லேயராகிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் அதற்கு மாறலாம்.

காப்பியில் இன்னொரு பொறி உண்டு. தேர்வு என்பது படம் முழுவதற்கும் பொது. கண்ட்ரோல்+சி எடுப்பதோ அந்த நேரத்தில் பட்டியலில் தேர்ந்திருக்கும் லேயரிலிருந்து மட்டும். கண்ணுக்குத் தெரிவது மொத்தமும் வேண்டுமானால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி. ஒட்டிய படம் சின்னதாகத் தெரிந்தால் டிபிஐ-யை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை) குறை சொல்லாதீர்கள். 1200 பிக்சல் அகலப் படம் 6000 பிக்சல் பேனரின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அடைக்கும், பெரிதாக்கினால் மங்கும். வாடிக்கையாளரிடம் வாட்ஸ்அப்பில் வந்ததை விட்டு மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஓரம். தேர்வில் ஒரு பிக்சல் உள்ளே அல்லது வெளியே என்று மட்டும் இருப்பதில்லை, பாதி அளவும் இருக்கலாம். ஃபெதர் கொடுத்து ஓரத்தை மென்மையாக்கினால் அங்கே அப்படிப்பட்ட பிக்சல்கள் நிறைய உருவாகும். பாதி தேர்ந்த பிக்சலில் டெலீட் ஒருமுறை அழுத்தினால் 50 சதவீதம் மிஞ்சும், இரண்டாம் முறை 25. சரியாகப் போகவில்லையே என்று மீண்டும் மீண்டும் அழுத்துவதால்தான் பலருக்கு ஓரம் அரிக்கப்பட்டதுபோல் ஆகிறது. உடம்புக்கும் உடைக்கும் 1 அல்லது 2 பிக்சல் ஃபெதர் போதும். பின்னணி நிறம் கோடாக ஒட்டியிருந்தால், ஆட்கள் தேர்வில் இருக்கும்போதே 1 பிக்சல் ‘ஷ்ரிங்க்’ கொடுத்துத் தேர்வைச் சுருக்கி, அப்புறம் தலைகீழாக்குங்கள்.

முடிக்கு டெலீட் வேண்டவே வேண்டாம், லேயரில் எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று சொல்லும் லேயர் மாஸ்க்தான் சரி. ஆட்கள் தேர்வில் இருக்கையில் ‘ஆட் லேயர் மாஸ்க்’ போய் ‘செலக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தால் பின்னணி மறையும், அழியாது. மாஸ்க்கில் கறுப்பு பிரஷ் மறைக்கும், வெள்ளை திரும்பக் கொண்டுவரும். மெல்லிய பிரஷ்ஷால் முடியின் போக்கிலேயே இழுங்கள். அதற்குமுன் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அழுத்தித் தேர்வை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தேர்வுக் கோட்டுக்கு வெளியே பிரஷ் ஒரு புள்ளிகூட வைக்காது.