அக்காவிடம் கேளுங்கள்: மந்திரக்கோலுக்கும் விதி உண்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. மாயாஜாலப் படத்துக்கும் சிறுவர் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுவது எப்படி? பள்ளி மலருக்கு எழுதுகிறவர்கள் கேட்டிருக்கிறீர்கள், சும்மா நோட்டில் எழுதி வைத்திருப்பவர்களும் கேட்டிருக்கிறீர்கள். சிறுவர் பகுதிக்கு நீங்கள் அனுப்பும் விமர்சனங்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பது பல வருஷமாக என் வேலை. அந்த உரிமையில் கொஞ்சம் கண்டிப்பாகவும் பதில் சொல்கிறேன்.

ஒரு மாயாஜாலப் படத்துக்கு மூன்று பக்கம் விமர்சனம் எழுதினேன் அக்கா. “இது விமர்சனம் இல்லை, கதைச் சுருக்கம்” என்று டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதையைச் சொல்லாமல் எப்படி எழுதுவது?
– எட்டாம் வகுப்பு மாணவி

டீச்சர் சொன்னது சரிதான்மா. எனக்கு வருவதிலும் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. முதல் காட்சியில் தொடங்கி ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போய், “கடைசியில் சூனியக்காரி அழிந்தாள். படம் சூப்பர்” என்று முடியும். அந்த ‘சூப்பர்’ இருக்கிறதே, அதைத்தான் மூன்று பக்கமும் எழுதியிருக்க வேண்டும்.

கதையே வரக் கூடாது என்று சொல்லவில்லை. யார், எங்கே இருக்கிறாள், அவளுக்கு என்ன சிக்கல் என்று நாலு வரி போதும். அவள் அந்த மாயக் கதவைத் திறக்கிற வரைக்கும் சொல். உள்ளே என்ன இருந்தது என்பதைப் படிப்பவர் தானே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம்தான் உன் வேலை தொடங்குகிறது.

மாயக் கதை என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று பெரியவர்களில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கியன் 1939-ல் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கதை சொல்கிறவர் ஓர் இரண்டாம் உலகத்தைப் படைக்கிறார், அந்த உலகத்துக்கென்று விதிகள் இருக்கின்றன, அந்த விதிகளுக்குப் பொருந்தி நடக்கிற வரைக்கும் நாம் நம்புகிறோம், சந்தேகம் தலைகாட்டிய நிமிஷமே மந்திரம் கலைந்துவிடுகிறது என்பது அவர் வாதம். விமர்சனம் எழுதுகிற உனக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. அந்த உலகத்தின் விதி என்ன? படம் அதை மதித்ததா?

சிண்ட்ரெல்லா கதையையே எடுத்துக்கொள். நள்ளிரவு மணி அடித்ததும் வண்டி பூசணிக்காய் ஆகிறது, பட்டாடை கந்தலாகிறது. அப்படியானால் கண்ணாடிக் காலணி மட்டும் ஏன் மறையவில்லை? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எல்லாருமே சிறுவர்கள். ஒரு பெரியவர்கூடக் கேட்டதில்லை. சார்ல் பெரோ 1697-ல் வெளியிட்ட கதையைத் திறந்து பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. பூசணிக்காய் வண்டியாக மாற்றப்பட்டது. எலிகள் குதிரைகளாக மாற்றப்பட்டன. கந்தல் பட்டாடையாக மாற்றப்பட்டது. காலணியை மட்டும் தேவதை எதிலிருந்தும் மாற்றவில்லை. ஒரு ஜோடியைக் கையில் கொடுக்கிறாள், அவ்வளவுதான். மாற்றியவைதான் பழைய உருவத்துக்குத் திரும்பின. காலணிக்குத் திரும்பிப் போகப் பழைய உருவமே இல்லை. பெரோ இதை விளக்கவில்லை, இது நான் படித்துப் புரிந்துகொண்டது. ஆனால் கதையின் வரிகள் இதற்கு இடம் தருகின்றன. இப்படி ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கான பதிலைக் கதைக்குள்ளேயே தேடிப் போனால் அது விமர்சனம்.

உன் படத்திலும் இப்படித் தேடு. மந்திரம் யாருக்குப் பலிக்கிறது, யாருக்குப் பலிக்கவில்லை? பயன்படுத்தினால் எதை இழக்க வேண்டும்? “இந்த மோதிரம் ஒரு முறைதான் வேலை செய்யும்” என்று முதல் பாதியில் சொல்லிவிட்டு, கிளைமாக்ஸில் இரண்டாம் முறையும் வேலை செய்ததா? பறக்கத் தெரிந்தவன் எதற்காக மலையை நடந்து கடக்கிறான்? இந்த மாதிரி விஷயங்களில் உங்கள் வயதுக்காரர்களை யாராலும் ஏமாற்ற முடியாது. “குழந்தைங்க படம்தானே” என்று பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடவே மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. “கண்ணுக்கு விருந்தான ஒளிப்பதிவு”, “விறுவிறுப்பான திரைக்கதை” என்பவை இரவல் வாக்கியங்கள். அவற்றைப் பார்த்ததும் என் பேனா தானாக அடித்துவிடும். நீ எந்த இடத்தில் நெளிந்தாய்? எந்த இடத்தில் மணி என்ன ஆகிறது என்று பார்த்தாய்? எப்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தாய்? படம் முடிந்த அன்றைக்கே குறித்து வை. இரண்டு நாள் போனால் மறந்துவிடும், அப்புறம் அந்த இரவல் வாக்கியங்கள்தான் கைக்கு வரும்.

என் மகனுக்குப் பத்து வயது. படிக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் அரைப் பக்கம் எழுதுகிறான். இந்த வயதில் எழுதுவதை யாராவது பொருட்படுத்துவார்களா? நான் திருத்திக் கொடுக்கலாமா?
– ஒரு தாய்

பொருட்படுத்தியிருக்கிறார்கள். லண்டனில் ஸ்டான்லி அன்வின் என்று ஒரு பதிப்பாளர் இருந்தார். சிறுவர் புத்தகங்களைப் பற்றிச் சிறுவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. 1936-ல் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தபோது அதைத் தன் மகன் ரேய்னரிடம் கொடுத்தார். அவனுக்கு அப்போது பத்து வயது. எழுதித் தருகிற அறிக்கைக்குக் கூலி ஒரு ஷில்லிங். பையன் கதையைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, வரைபடங்கள் இருந்தால் போதும், வேறு படங்கள் தேவையில்லை, 5 முதல் 9 வயது வரையான எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். அடுத்த வருஷம் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதுதான் டோல்கியனின் ‘தி ஹாபிட்’.

அந்த 5 முதல் 9-ஐக் கவனித்தீர்களா? எழுதியவனுக்குப் பத்து வயது! எனக்கு எழுதுகிற பிள்ளைகளும் இதே மாதிரிதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை “இது ஐந்தாம் வகுப்புக்காரர்களுக்கு நல்ல புத்தகம்” என்று எழுதும். தான் அதை விடிய விடியப் படித்ததை மட்டும் சொல்லாது.

திருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், வாக்கியம் புரியவில்லை என்றால் “இது என்ன?” என்று கேளுங்கள். கருத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஊரே கொண்டாடும் புத்தகத்தை அவன் “போர்” என்று எழுதியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். எந்தப் பக்கத்தில் போர் அடிக்க ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டு, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அம்மா கை வைத்த விமர்சனம் எனக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். பத்து வயதுப் பையன் “வாசகர் மனதில் நீங்கா இடம்பெறும்” என்று எழுதமாட்டான்.

புத்தகத்தைப் படமாக எடுக்கும்போது மாற்றிவிடுகிறார்கள். எனக்குக் கோபமாக வருகிறது. “புத்தகம்தான் பெஸ்ட்” என்று எழுதினால் போதாதா?
– பத்தாம் வகுப்பு மாணவர்

போதாது தம்பி. மாற்றங்களில் இரண்டு வகை உண்டு, அதைப் பிரித்துச் சொல்வதுதான் உன் வேலை.

ஓஸ் மந்திரவாதியின் கதை 1900-ல் புத்தகமாக வந்தபோது டோரத்தி போட்டுக்கொள்வது வெள்ளிக் காலணி. 1939-ல் வந்த படத்தில் அது சிவப்பு மாணிக்கக் காலணி ஆனது. காரணம் டெக்னிகலர் என்கிற அந்தக் காலத்து வண்ணப்பட முறை. மஞ்சள் செங்கல் பாதையில் சிவப்பு பளிச்சென்று தெரியும். இதனால் கதைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. காலணி செய்கிற வேலை அதேதான்.

இன்னொன்றைப் பார். ரோல்டு டால் எழுதிய ‘தி விட்சஸ்’ 1983-ல் வந்தது. அதில் சூனியக்காரிகள் ஒரு பையனை எலியாக்கிவிடுவார்கள். புத்தகத்தில் அவன் கடைசி வரை எலியாகவே இருக்கிறான். 1990-ல் வந்த படத்தில் மறுபடி பையனாகிவிடுகிறான். (முடிவைச் சொல்லாதே என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு நான் சொல்கிறேன். 40 வருஷம் தாண்டிய புத்தகம், மன்னித்துவிடுங்கள்.) டாலுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஏன் என்று பார். புத்தகத்தில் பையன் தன் பாட்டியிடம், தான் இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருப்போம் என்று கேட்கிறான். ஏறக்குறைய ஒன்பது வருஷம் என்கிறார் பாட்டி. அவனுக்கு அதில் சந்தோஷம்தான், பாட்டி போன பிறகு தான் மட்டும் இருக்க அவனுக்கு ஆசை இல்லை. பையனை மனிதனாக்கிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. நஷ்டம் என்றால் இதுதான்.

மாற்றத்தால் எது போயிற்று, எது வந்தது என்று இப்படி ஒரு காட்சியை வைத்துச் சொன்னால் உன் கோபத்துக்கு மதிப்பு இருக்கும். சில சமயம் படம் எடுத்தவர் பக்கம் நியாயம் இருப்பதும் தெரியவரும். அதையும் எழுது.

பழைய மாயாஜாலப் படங்களின் தந்திரக் காட்சிகள் சிரிப்பாக இருக்கின்றன. அப்படியே எழுதலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர்

சிரித்திருந்தால் எழுதலாம். ஆனால் எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று சொல். 1957-ல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கஜன் கல்யாண விருந்தை ஒரே ஆளாகக் காலி பண்ணும் காட்சி இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். கேமராவுக்குப் பின்னால் மார்கஸ் பார்ட்லி. இன்றைக்கும் அதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் சிரிக்கிறார்கள், தந்திரம் பழசு என்பதற்காக இல்லை, கடோத்கஜன் சாப்பிடுகிற அழகுக்காக. அதே பிள்ளைகள், போன வருஷம் வந்த பெரிய கிராபிக்ஸ் படத்தில் கம்ப்யூட்டர் டிராகன் வரும்போது கொட்டாவி விடுவதையும் பார்த்திருக்கிறேன். தந்திரம் எப்படிச் செய்யப்பட்டது என்பதைவிட, அது நடக்கும்போது அந்தக் கதாபாத்திரத்துக்கு என்ன ஆகிறது என்று பார்.

என் தங்கையின் படப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது. இதற்கெல்லாம் விமர்சனம் எழுத முடியுமா?
– ஏழாம் வகுப்பு மாணவி

முடியும், கஷ்டமும் கூட. மோரிஸ் செண்டாக் 1963-ல் ஒரு படப் புத்தகம் போட்டார். குறும்பு செய்ததற்காக அறைக்கு அனுப்பப்பட்ட பையன் பயங்கர மிருகங்கள் இருக்கும் இடத்துக்குப் போகிற கதை. முதல் பக்கங்களில் படம் சின்னதாக, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு இருக்கும். பையனின் அறை காடாக மாற மாறப் படமும் பெரிதாகிக்கொண்டே போகும். மிருகங்களோடு அவன் போடும் ஆட்டத்தின்போது மூன்று விரிப்புகளுக்கு (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு) வார்த்தையே கிடையாது, முழுக்கப் படம். கதையில் பாதியைப் படத்தின் அளவே சொல்லிவிடுகிறது.

அதனால் எழுத்தை மட்டும் படித்துவிட்டு எழுதாதே. தங்கையை மடியில் உட்கார வைத்துச் சத்தமாகப் படி. எந்தப் பக்கத்தில் “திருப்பு, திருப்பு” என்கிறாள், எதில் விரலை வைத்துக்கொண்டு நகர மறுக்கிறாள், மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்கிறாளா என்று பார். அதை எழுது.

படம் பார்க்கும் முன் மற்றவர்களின் விமர்சனத்தைப் படிக்கலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவர்

உன்னுடையதை எழுதி முடித்த பிறகு படி.

எனக்கு அந்தப் படத்தில் பயமாக இருந்தது. எழுதினால் வகுப்பில் கேலி செய்வார்களோ?
– ஆறாம் வகுப்பு மாணவன்

செய்யலாம். இருந்தாலும் எழுது கண்ணு. தம்பி தங்கைகளை அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிற பெற்றோர் முதலில் தேடுவது இதைத்தான், பெரியவர்கள் எழுதும் விமர்சனத்தில் அது இருப்பதில்லை. “பயமாக இருந்தது” என்று மட்டும் விடாதே. இருட்டா, சத்தமா, அம்மா காணாமல் போனதா? அரக்கன் வந்ததைவிட அம்மா காணாமல் போனதுதான் பயம் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட்டேன்.

எழுத்தாளர் ஒருவர் தன் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்து விமர்சனம் எழுதச் சொன்னார். புத்தகம் பிடிக்கவில்லை. என்ன செய்வது?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி

முதலில் வீட்டில் சொல். பெரியவர்கள் நேரடியாக உன்னிடம் எதைக் கொடுத்தாலும் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதுவதாக இருந்தால் “புத்தகத்தை ஆசிரியர் கொடுத்தார்” என்பதையும் அதிலேயே சொல்லிவிடு, பிடிக்காததைப் பக்கத்தோடு காட்டு. ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். எழுத மனம் வரவில்லையா, எழுதாதே. புத்தகம் வாங்கிக்கொண்டதால் நீ கடன்பட்டவள் ஆகிவிடமாட்டாய்.

எத்தனை நட்சத்திரம் கொடுப்பது என்றே தெரியவில்லை அக்கா!
– ஏழாம் வகுப்பு மாணவன்

எழுதி முடித்த பிறகு கொடு. முதலிலேயே போட்டுவிட்டால் மீதி வரிகள் எல்லாம் அந்த நட்சத்திரத்துக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும். அரை நட்சத்திரம் வேண்டவே வேண்டாம். மூன்றா நான்கா என்று குழம்பினால், அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படிப்பாயா என்று யோசி. படிப்பாய் என்றால் நான்கு.